கான்வென்ட் கூடைப்பந்துப் பயிற்சி: பெண்பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

மலேசியாவின் பேரா மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு பட்டணத்துக் கான்வென்ட் இடைநிலைப்பள்ளி. படிவம் 1 முதல் 5 வரையிலான பெண்பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு மாலையும் சனிக்கிழமை காலையும் கூடைப்பந்துப் பயிற்சி நடக்கிறது. கட்டணம் மாதம் 20 ரிங்கிட்.

1852இல் பினாங்குக்கு வந்த கன்னியாஸ்திரிகள் தொடங்கிவைத்த கான்வென்ட் மரபில் வந்த பள்ளி. எளிமை, கடமை என்று சுவரில் எழுதியிருப்பதை இங்கே புள்ளிக்கணக்கிலும் எழுதிவிட்டார்கள். பயிற்சி ஆட்டத்தில் கூடை போட்டவளுக்கு 1 புள்ளி, பாஸ் கொடுத்தவளுக்கு 1, எதிராளியை முதுகால் மறித்து ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பதற்கு) வழி செய்தவளுக்கு 2.

பந்து மேலே போனதும் அண்ணாந்து பார்த்து நின்றுவிடுவது பிள்ளைகளின் வழக்கம். அதற்குள் எதிராளி உள்ளே நுழைந்துவிடுவாள். அதனால் வரிசையை மாற்றிப் பழக்குகிறார்கள்: முதலில் ஆளைத் தேடு, ஒரு காலை ஊன்றித் திரும்பு, இடுப்பைத் தாழ்த்து, அவள் உன் முதுகில் படுகிறாளா பார், அப்புறம்தான் பந்து. கை மேலேயே இருக்க வேண்டும்; பின்னால் போய்ப் பிடித்தால் ஃபவுல். ஸ்கோர் தாளில் பெயர் வராத இந்த வேலைக்கு இரட்டைப் புள்ளி கிடைப்பதால், ஷூட் பண்ண ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வது குறைகிறது. கூடை போட்டவள் பாஸ் கொடுத்தவளை விரல் நீட்டிக் காட்டவும் வேண்டும். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகக் கோச் டீன் ஸ்மித் பழக்கிய முறை அது.

தொடக்கத்தில் ஒரு நிமிட மௌனம், அவரவர் சாமி அவரவருக்கு. துடோங் (தலை முக்காடு) அணிந்த பிள்ளைகளுக்கும் தடை இல்லை. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவே 2017இல் விதியை மாற்றிவிட்டது.

குறைக்கு வருவோம். பயிற்சி முடியும்போது ஆளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (எதிராளி ஃபவுல் செய்தால் கோட்டில் நின்று தனியாகக் கூடைக்கு எறிவது), தவறினால் முழு அணியும் ஓட வேண்டும். ஒற்றுமைக்காக என்கிறார்கள். நடப்பது வேறு: கை நடுங்குகிற பிள்ளை ஆட்டத்தில் உள்ளே புகுந்து ஆடவே தயங்குகிறாள், ஃபவுல் வாங்கினால் கோட்டில் நிற்க வேண்டுமே! சோம்பலுக்கு ஓடவிடுங்கள், தவறுக்கு வேண்டாம்.

இதைவிடப் பெரிய குறை, குதித்து இறங்கும் பயிற்சிக்கு நேரமே ஒதுக்காதது. இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்வது பெண்பிள்ளைகளிடம் அதிகம். முட்டித் தசைநார் கிழிவதற்கு அது முக்கியக் காரணம். இரண்டு காலும் சேர்ந்து, முட்டி மடங்கி, சத்தமில்லாமல் இறங்கப் பழக்க வார்ம்-அப்பில் பத்து நிமிடம் போதும். சிமெண்டுத் தளத்தில் இதை விடவே கூடாது.

பந்து 6ஆம் எண், சரியான அளவுதான். திறந்தவெளித் தளம் என்பதால் ரப்பர் பந்தே வாங்குங்கள், தோல் பந்து சீக்கிரம் உரிந்துவிடும். ஜாகிங் சப்பாத்து வேண்டாம். குதிகால் உயர்ந்திருப்பதால் பக்கவாட்டில் நகரும்போது கணுக்கால் பிசகும். மாலை மழை பெய்தால் கேண்டீன் ஓரத்தில் பந்தைத் தரையில் தட்டிப் பழகும் டிரிப்பிள் மட்டும்தான்.

வாரநாள் பயிற்சி முடிய இருட்டத் தொடங்கிவிடுகிறது. உள்தோட்டங்களுக்குப் பள்ளி வேன் ஏற்பாடு இல்லை. அது வரும்வரை, படிவம் 1 பிள்ளைகளைச் சனிக்கிழமைக்கு மட்டும் அனுப்புங்கள்.