மதுரையில் கிறிஸ்தவக் குருக்களுக்கு மனநல ஆலோசனை: எந்தக் கதவைத் தட்டலாம்?

தன்பாலீர்ப்பை யாருக்கும் சொல்லாமல் பூட்டி வைத்துக்கொண்டு பூசை வைக்கும் கத்தோலிக்கச் சாமியாரும், பிரசங்கம் பண்ணும் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஐயரும் மதுரைப் பக்கம் இல்லாமல் இல்லை. தாங்க முடியாத ஒரு கட்டத்தில் அவர்கள் போய்ப் பேச இங்கே சில வழிகள் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம். அங்கே சொன்ன வார்த்தை, அவருக்குச் சோறும் கூரையும் மாற்றல் உத்தரவும் தருகிறவரின் காதுக்குப் போய்ச் சேருமா, சேராதா? ஆலோசகரின் படிப்பும் கட்டணமும் அதற்குப் பிறகுதான்.

இந்த அளவுகோலில் முதலில் தோற்பது திருச்சபையே நடத்தும் ஆலோசனை மையம். அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. பலர் நன்றாகப் படித்தவர்கள், கனிவானவர்கள். ஆனால் குருவை அனுப்பியதும் பணம் கட்டுவதும் ஆயர் இல்லம் அல்லது துறவற சபையின் மாநிலத் தலைவர் என்றால், அறிக்கையும் அங்கேதான் போகும். முதல் அமர்வு தொடங்கும் முன்பே மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும்: அறிக்கை எழுதுவீர்களா, யாருக்கு அனுப்புவீர்கள், அனுப்பும் முன் எனக்குக் காட்டுவீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 220, ஒவ்வொருவரின் நற்பெயரையும் அந்தரங்கத்தையும் காக்கச் சொல்கிறது. தயங்காமல் அதைச் சுட்டிக்காட்டலாம்.

பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் செய்யும் பாவ அறிக்கையில்) சொன்னதுக்கு மட்டுமே உடைக்க முடியாத ரகசிய முத்திரை உண்டு. அது சட்டம் 983. அதே குருவிடம் அவர் குடியிருக்கும் பங்களாத் திண்ணையில் காபி குடித்துக்கொண்டே சொன்னதுக்கு அந்த முத்திரை கிடையாது. நண்பன் என்று நம்பிச் சொன்ன விஷயம், மாற்றல் பட்டியல் தயாராகும் நேரத்தில் ஆயுதமாக மாறுவது இங்கேதான். குருவாகப் பயிற்சி பெறும் குருமட மாணவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பு இருக்கிறது: திருப்பட்டம் தருவதா, வெளியே அனுப்புவதா என்று முடிவு செய்யும்போது ஆன்ம குருவிடமோ பாவசங்கீர்த்தனம் கேட்பவரிடமோ அபிப்பிராயம் கேட்கவே கூடாது என்கிறது சட்டம் 240. ஆனால் குருமட அதிபரிடம் நேரில் சொன்னால் அவர் 2005 வத்திக்கான் அறிவுறுத்தலைக் கையில் எடுப்பார். ஆழமாக வேரூன்றிய தன்பாலீர்ப்பு உள்ளவர்களைக் குருமடத்தில் சேர்க்கக் கூடாது என்பது அந்த ஆவணம். யாரிடம் எதைச் சொல்கிறோம் என்ற தெளிவு இல்லாமல் வாயைத் திறக்க வேண்டாம்.

இரண்டாவது, "விடுதலை" தருவதாகச் சொல்லும் ஜெப வீடுகளும் தியான மையங்களும். இவற்றுக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்ஜியம். நாற்பது நாள் உபவாசம், பேயோட்டம், சாட்சி சொல்ல மேடையேற்றுதல், சீக்கிரம் கல்யாணம் முடித்து வைத்தல் என்பதே அங்கே வழிமுறை. ஈர்ப்பு மாறாது, மாறிவிட்டதாக நடிக்க மட்டும் கற்றுக்கொண்டு வருவார்கள். சில மாதம் கழித்துப் பழைய நினைப்பு திரும்பியதும் "என் விசுவாசம் போதவில்லை" என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வார்கள். மறுபடி விழும் இந்தச் சரிவில் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மதுரையிலிருந்து சென்னைக்குப் போய் அடைக்கலம் தேடிய இரண்டு பெண்களின் வழக்கில்தான், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மருத்துவத்தால் "குணப்படுத்தும்" முயற்சிகளுக்குத் தடை விதித்தார். அதைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் இதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஹார்மோன் ஊசி, மின் அதிர்ச்சி, அருவருப்பூட்டும் சிகிச்சை என்று எந்த மருத்துவராவது பேசினால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். ஜெப வீட்டின் மீது அந்தக் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை, அதனால் அங்கே போகாமல் இருப்பதே பாதுகாப்பு.

தனியார் ஆலோசகர்தான் பெரும்பாலோருக்குச் சரிப்படும். ஆனால் "கவுன்சலர்" என்ற பலகையை ஒரு வருட டிப்ளமோ முடித்தவரும் மாட்டலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் தயங்காமல் சொல்வார். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் மருந்துச் சீட்டிலேயே இருக்கும். நல்லவர் முதல் அமர்வில் தூக்கம், சாப்பாடு, குடி, சாக நினைத்தது உண்டா என்பதைக் கேட்பார். துறவறத்தில் நீடிக்கச் சொல்லவும் மாட்டார், வெளியே வரச் சொல்லவும் மாட்டார். ஈர்ப்பு வேறு, பிரமாணிக்கத்தை (கொடுத்த வாக்குறுதியை) மீறுவது வேறு என்பதை இவர் பிரித்துப் பார்க்காவிட்டால் ஆளை மாற்றுங்கள்.

மதுரை கே.கே. நகரிலோ அண்ணா நகரிலோ காத்திருக்கும் அறையில் சொந்தப் பங்கு (கோயில் வட்டார) மக்களே உட்கார்ந்திருக்கக்கூடும். அதற்காகச் சென்னை, பெங்களூரில் உள்ள தமிழ் பேசும் ஆலோசகரிடம் வீடியோவில் பேசுவது நல்லது. சொந்தக் கைபேசியில் பேசுங்கள். சமையலம்மாவும் கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையும் நடமாடும் நேரத்தில் பங்களாவுக்குள் பேச வேண்டாம். துறவற சபைக்காரர்கள் மாதக் கணக்கைப் பொருளாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதால், ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று முன்கூட்டியே பாருங்கள். பங்குக் கணக்கிலிருந்து ஒருபோதும் செலுத்தாதீர்கள். பின்னால் அதுவே பணமோசடிக் குற்றச்சாட்டாகத் திரும்பும்.

கையில் காசில்லாதவருக்கு அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவு இருக்கிறது. இலவசம், மனச்சோர்வுக்கு மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். குறை, கூட்டமும் அவசரமும். அங்கி இல்லாமல் சட்டை, பேன்ட்டில் போங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு உங்கள் ரகசியத்தைக் காக்கிறது. பாலின ஈர்ப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 18-ஆவது பிரிவு. எச்.ஐ.வி. பயம் மனசை அரித்தால் நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். நடுராத்திரிக்கு 14416. 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் டெலி-மானஸ் இது, தமிழில் பேசலாம், எந்நேரமும் கட்டணமில்லை. அன்றைய ராத்திரியைக் கடக்க நல்ல துணை. ஆனால் அடுத்த முறையும் அதே ஆள் கிடைப்பார் என்று நம்பி நீண்ட சிகிச்சையாக அதை வைத்துக்கொள்ள முடியாது.

டேட்டிங் செயலி வழியாக மிரட்டிப் பணம் கேட்பவர்களிடம் சிக்கியவர்கள் போலீசுக்குப் போகப் பயப்படுகிறார்கள். வயது வந்த இருவர் சம்மதத்தோடு பழகுவது 2018 செப்டம்பர் 6-க்குப் பிறகு குற்றம் இல்லை. மிரட்டிப் பறிப்பதுதான் குற்றம். பணம் அனுப்பாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள், எண்ணையும் யுபிஐ முகவரியையும் படமெடுத்து வைத்துக்கொண்டு இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

எங்கள் பரிவு எல்லை மீறாத இடம் ஒன்று உண்டு. குழந்தையைத் தொட்டவருக்கு இதில் எதுவும் பொருந்தாது. அது தன்பாலீர்ப்பு அல்ல, வன்முறை. போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி ஆலோசகரும் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசும் சபைகள் குழந்தைகளையும் காப்பதில்லை, தன்பாலீர்ப்புள்ள குருவையும் விடுவதில்லை.

பீடத்திலிருந்து தன்பாலீர்ப்பாளர்களை நரகத்துக்கு அனுப்பிக்கொண்டே ராத்திரியில் அழும் குருவும் ஆலோசனைக்கு வருவார். அவர் மீது பரிவு வேண்டும். ஆனால் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக் கீழே உட்கார்ந்திருக்கும் பதினேழு வயதுப் பையனும் நம் கணக்கில் இருக்கிறான். அந்தக் குரு தன்னைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தலைப்பில் பிரசங்கம் பண்ணுவதை நிறுத்துவது இன்றே முடியும். அவருடைய திருச்சபையின் மறைக்கல்வி நூலின் எண் 2358-ம் இவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்கத்தான் சொல்கிறது. இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லும் ஆலோசகர் மதுரையில் அரிது, கிடைத்தால் விடாதீர்கள்.

சிஎஸ்ஐ ஐயர்மாருக்குக் கூடுதலாக ஒன்று. வீட்டில் மனைவி, ஐயரம்மா இருக்கிறார், பல வருடமாக "எனக்கு என்ன குறை" என்று தன்னையே கேட்டுக்கொண்டு. கணவனுக்கு ஆலோசனை சொல்பவரே அவருக்கும் சொல்லக் கூடாது. ஒருவர் சொன்னது மற்றவர் அமர்வில் கசிந்துவிடும். அவருக்கு வேறு ஆள், வேறு இடம், கணவர் கையை எதிர்பார்க்காத கட்டணம் வேண்டும். உண்மை எப்போது, எப்படி வீட்டுக்குள் பேசப்பட வேண்டும் என்பதை இரண்டு ஆலோசகர்களும், இருவரின் எழுத்துச் சம்மதத்தோடு, கலந்து பேசி முடிவு செய்யட்டும்.