சீல் பிரிக்காத பெட்டிக்குள் நாலு லட்சம் தாள் ஓடிய ஸ்கேனர்

புதுச்சேரிக்குப் போய் கம்ப்யூட்டர் சாமான் வாங்கும் கடலூர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். தாளைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும் ஷீட்ஃபெட் ஸ்கேனரில் ஒரு ஏமாற்று வேலை நடக்கிறது. எங்கோ ஓடித் தேய்ந்த மெஷினைத் துடைத்து, பெட்டியில் போட்டு, பிளாஸ்டிக் உறை சுற்றிப் புதுசு என்று விற்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் விற்றார்கள். விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரியாமலே இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

திருப்பாப்புலியூரில் சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுவது என் தொழில். 2024 டிசம்பரில் பெண்ணையாற்று வெள்ளம் வந்தபோது ஆல்பேட்டைப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் கொள்முதல் பில் மூட்டை அப்படியே ஊறிப்போனது. ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கையும் பில்லையும் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சேறும் தாளும் ஒன்றாகிப்போன கட்டியை எந்த ஆபீசரிடம் காட்டுவது? பாதி பில் தெர்மல் பேப்பர் வேறு, வெள்ளமே வராவிட்டாலும் ஒரு கோடையில் எழுத்து மங்கிவிடும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைப்பது என்று முடிவெடுத்தேன். கண்ணாடியில் ஒவ்வொன்றாக வைத்து எடுக்கும் ஸ்கேனரில் அது ஆகிற காரியமில்லை.

புதுச்சேரிக் கடையில் ஒரு ஷீட்ஃபெட் ஸ்கேனரைக் காட்டினார்கள். நிமிடத்துக்கு 40 தாள், இரண்டு புறமும் ஒரே ஓட்டத்தில், ஒரு வருட வாரண்டி. விலை 31,000 ரூபாய். ஆன்லைனில் அதே மாடல் எட்டு, ஒன்பதாயிரம் கூடுதலாக இருந்தது. "ஸ்டாக் கிளியரன்ஸ் சார், கம்பெனி சீல் பிரிக்கல பாருங்க" என்றார் கடைக்காரர். பில்லில் வெறுமனே 'ஸ்கேனர் - 1' என்று அடித்திருந்தது. சீரியல் நம்பர் எழுதச் சொன்னேன். "கம்ப்யூட்டர் பில்லுல அது வராது சார்" என்றார். அப்படியானால் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். இன்றைக்கு என் கையில் இருக்கும் பெரிய சாட்சி அந்த ஒரு வரிதான். (திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பெட்டியைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார்கள். பாட்டில் சத்தம் வராததில் அவர்களுக்கு ஏமாற்றம்.)

கடையிலிருந்து ஒரு தம்பி வந்து, ஸ்கேனரை இயக்கும் டிரைவர் மென்பொருளை என் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தார். ஓட்டிக் காட்டுவதற்கு அவரே ஒரு கட்டு புது ஏ4 தாள் கொண்டுவந்திருந்தார். சரசரவென்று ஓடியது. ஓடத்தான் செய்யும். வழுக்கையாகிப்போன ரோலரும் புதுத் தாளை இழுத்துவிடும்.

நிஜமான பில்களை வைத்தபோதுதான் சாயம் வெளுத்தது. மளிகைக் கடையின் ஒரு மாதக் கட்டை ஓட்டிவிட்டு ஜிஎஸ்டிஆர் 2பி-யோடு (விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) ஒப்பிட்டால், அதில் இருக்கும் எண்ணெய் மண்டி பில் ஒன்று ஸ்கேனில் இல்லை. அதில் வரி மட்டும் நாலாயிரத்துச் சொச்சம். காகிதக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். பில் பத்திரமாக இருக்கிறது. முந்தைய தாளின் முதுகில் ஒட்டிக்கொண்டு உள்ளே போய், அப்படியே வெளியே வந்திருக்கிறது. மெஷின் ஒரு பீப் கூட அடிக்கவில்லை.

இந்த மெஷினுக்குள் ஒரு ரோலர் தாளை இழுக்கும். எதிரே இருக்கும் இன்னொன்று அடுத்த தாள் கூடவே வராமல் தடுக்கும். ரப்பர் தேய்ந்து இறுகிவிட்டால் அந்தப் பிடி போய்விடும். அதையும் மீறி இரண்டு தாள் சேர்ந்து நுழைந்தால் கண்டுபிடிக்க அல்ட்ராசானிக் சென்சார் இருக்கிறது. தாளின் வழியே ஒலியை அனுப்பும். இரண்டு தாளுக்கு நடுவே காற்று இருந்தால் ஒலி குறைந்துவிடும், மெஷின் உடனே நிற்கும். எங்கள் மெஷினில் ஏன் நிற்கவில்லை என்று டிரைவர் செட்டிங்கைத் திறந்தேன். டபுள் ஃபீட் கண்டறிதல் அணைக்கப்பட்டிருந்தது. டிரைவரைப் போட்டது கடைத் தம்பி. அதை ஆன் செய்ததும் நாலு தாளுக்கு ஒருமுறை நின்று நின்று கத்த ஆரம்பித்தது. ஏன் அணைத்தார்கள் என்று அப்போது புரிந்தது.

எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு மெல்லிய கோடும் விழுந்தது. இதில் சென்சார் அசையாது, தாள்தான் நகரும். அதனால் கண்ணாடியில் ஒரு புள்ளி அழுக்கு இருந்தாலும் முழு நீளக் கோடாகிவிடும். துடைத்தால் போக வேண்டும். போகவில்லை. நகத்தால் தடவினால் கண்ணாடியில் பள்ளம் தட்டுப்பட்டது. யாரோ ஸ்டேப்ளர் பின்னோடு தாளை ஓட்டியிருக்கிறார்கள். ரோலர்களைக் கழற்றிப் பார்த்தேன். கோலிக்குண்டு மாதிரி வழவழவென்று மின்னின.

அப்புறம்தான் மெஷினோடு வரும் மென்பொருளில் பராமரிப்புப் பக்கத்தைத் திறந்தேன். மொத்தம் ஸ்கேன் செய்த தாள் 4,12,000 சொச்சம். அதற்குக் கீழேயே ரோலர் கவுன்டர் சில நூறுதான் காட்டியது. ரோலர் மாற்றியவர் பூஜ்யமாக்கிக்கொள்வதற்காக உள்ள கவுன்டர் அது. மாற்றாமலும் பூஜ்யமாக்கலாம். மொத்தக் கணக்கை அப்படி அழிக்க முடியவில்லை. பல ஆபீஸ் மாடல்களில் ஒன்று, இரண்டு லட்சம் தாளுக்கு ஒருமுறை ரோலரையே மாற்றச் சொல்கிறார்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் போட்டு சீரியல் நம்பரைச் சொன்னேன். வாரண்டி 2021-லேயே முடிந்துவிட்டதாம்.

கடைக்காரரின் பதிலைக் கேளுங்கள். "கவுன்ட்டா? அது கம்பெனியில டெஸ்ட் பண்ணி அனுப்புறது சார்." நிமிடத்துக்கு 40 தாள் என்று ராப்பகலாக நிறுத்தாமல் ஓட்டினாலும் இந்தக் கணக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். எந்தக் கம்பெனி ஒரு ஸ்கேனரை ஒரு வாரம் டெஸ்ட் செய்கிறது? பிறகு சுருதி மாறியது. 4,500 கொடுத்தால் ரோலர் மாற்றித் தருகிறாராம். கடைசியில் பில்லின் அடியில் இருக்கும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியைக் காட்டினார்.

அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பழைய, புதுப்பிக்கப்பட்ட பொருளைப் புதிது என்று சொல்லி விற்பது முறையற்ற வணிக நடைமுறை என்றே எழுதியிருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. பலருக்குத் தெரியாத ஒன்று, கடை புதுச்சேரியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். நான் கடலூரில்தான் கொடுத்தேன். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பதிவு செய்வதும் நல்லது. "ஆபீசுக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கேஸ் நிக்காது" என்று கடைக்காரர் மிரட்டிப் பார்த்தார். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியதற்குச் சட்டம் விலக்குத் தருகிறது.

இனி வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் கடை மேசையிலேயே மெஷினை லேப்டாப்பில் மாட்டச் சொல்லி மொத்தக் கவுன்டரைப் பாருங்கள். புது மெஷினில் ஆயிரக்கணக்கில் இருக்கவே கூடாது. மாட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் பில்லையே கொண்டுபோய் ஓட்டுங்கள்: மடித்தது, மெல்லியது, தெர்மல், எல்லாம் கலந்து. டபுள் ஃபீட் கண்டறிதல் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இறக்குமதியான மெஷின் என்றால் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்ஆர்பி இருக்க வேண்டும். ஸ்கேனருக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவும் கட்டாயம், ஆர் எழுத்தில் தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். பிளாஸ்டிக் உறையை நம்பாதீர்கள், அதைச் சுற்றும் மெஷின் ஸ்வீட் கடையில்கூட இருக்கிறது.

பழையது வாங்குவதில் தப்பே இல்லை. கவுன்டரைக் காட்டி, புது ரோலர் போட்டு, நியாயமான விலை சொன்னால் நானே வாங்குவேன்.

நோட்டீஸ் போனபிறகு கடையிலிருந்து போன் வந்தது. 25,000 தருகிறாராம், புகாரைத் திரும்பப் பெற வேண்டுமாம். முழு 31,000-மும் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டேன். இன்னும் ஏறவில்லை.