பிறந்தநாளுக்கு மால் ப்ளே ஏரியாவா, பரவை அதிசயமா?

கையில் காசு அளவாகத்தான் இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஐந்தாறு வயசு என்றால் மால் ப்ளே ஏரியாவுக்கே போங்கள், அங்கே பெரும்பாலும் விளையாடுகிற பிள்ளைக்கு மட்டும்தான் மணிநேரக் கணக்கில் கட்டணம், மதுரை பரவையில் இருக்கிற அதிசயம் என்கிற தண்ணீர் விளையாட்டுப் பார்க்கில் உடன் வருகிற பெரியவர்களுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும்.

மாலில் சில்லறைச் செலவுதான் கடிக்கும். அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் இல்லாமல் பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள், எல்லோருக்கும் அங்கேயே வாங்கினால் பட்ஜெட் எகிறிவிடும், அதனால் வீட்டிலிருந்தே போட்டு வரச் சொல்லிவிடுங்கள். விளையாட்டு மெஷின்களுக்குத் தேய்க்கிற கேம் கார்டில் கொஞ்சம் கொஞ்சமாக ரீசார்ஜ் செய்யுங்கள், மீதிப் பணம் திரும்பக் கிடைப்பது அபூர்வம். பார்ட்டி ஹால் தேவையே இல்லை, கேக்கை வீட்டில் வெட்டிவிட்டுப் போகலாம்.

அதிசயம், பத்து வயசு தாண்டியவர்களுக்குச் சரி. நாள் பூராவும் தண்ணீரில் ஆடுவார்கள். ஆனால் வேன் வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், அப்புறம் மாற்றுத்துணியும் எடுத்துக்கொள்ளுங்கள்.