மாதவரம் பக்கம் ஒரு நர்சரி: வெயில் காலப் பூச்செடி வாங்கப் போகிறவர்களுக்கு

இந்த நர்சரியில் எனக்கு முதலில் பிடித்தது ஒரு கேள்வி. எந்தக் கலர் வேண்டும், எத்தனை தொட்டி என்றெல்லாம் கேட்காமல், உரிமையாளர் எடுத்த எடுப்பில், “வீட்ல என்ன தண்ணிம்மா, போரா மெட்ரோவா?” என்றார். தண்டையார்பேட்டை, மொட்டை மாடி, போர்தான், கொஞ்சம் உப்பு என்றேன். என் கையிலிருந்த சிவப்பு இட்லிப்பூச் செடியை வாங்கி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். “இது உங்களுக்கு வேணாம், மூணு மாசத்துல மஞ்சளாயிடும்.”

அவர் சொன்னது சரி. இட்லிப்பூவுக்கு லேசான அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும். கடினமான போர் தண்ணீரையே தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் காரத்தன்மை ஏறி, செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் போகும், அப்புறம் புது இலையெல்லாம் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் வெளிறிப்போய் வரும். எங்கள் தெருவில் அப்படி நிற்கிற இட்லிப்பூக்களை நிறையவே பார்க்கலாம். மீஞ்சூர், எண்ணூர் பக்கமெல்லாம் கடல் நீர் நிலத்தடிக்குள் ஏறிப் பல வருடமாகிறது. வட சென்னையில் பூச்செடி வாங்குகிறவர் வெயிலைவிடத் தண்ணீரைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, அதைக் கேட்டு விற்கிற கடையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அப்படியானால் என்ன வாங்கலாம்? காகிதப்பூ, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். உப்பைத் தாங்கும், கத்திரி வெயிலையும் தாங்கும், ராணி கலர், ஆரஞ்சு, வெள்ளை, ஒரே செடியில் இரண்டு கலர் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும், கலராக இருப்பது பூவே இல்லை, மூன்று மெல்லிய செதில் இலைகள். உண்மையான பூ அதற்குள் ஒவ்வொரு செதிலிலும் ஒன்றாக, வெள்ளையாகக் குட்டிக் குழாய் போல நிற்கும். அதனால்தான் அந்தப் பூ உதிர்ந்த பிறகும் கலர் பல நாள் இருக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றினால் இலைதான் செழிக்கும், மேல்மண் நன்றாகக் காய்ந்து இலை லேசாகத் துவளும்போது ஊற்றினால் பூக்கும், தொட்டியும் பெரிதாக வேண்டாம் என்று அவரே பொறுமையாகச் சொல்லித்தந்தார். இரண்டு கலர் செடியை மட்டும் பூ இருக்கும்போது பார்த்து வாங்குங்கள், பூக்காத செடியில் கலரை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டில் வைக்க மாட்டேன் என்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் இங்கே வந்து ஒருமுறை பார்க்க வேண்டும். பழைய ரோஸும் வெள்ளையும் மட்டுமில்லை, ரத்தச் சிவப்பு, பீச், நடுவில் சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளை என்று ஒரு மேசை முழுக்க இருக்கிறது. மே மாதம் மதியம் ஒரு மணிக்கும் தலை தொங்காமல் நிற்கும். தண்ணீர் தேங்கினால்தான் ஆபத்து, அடித்தண்டு கறுத்து அழுகிவிடும். விலையும் குறைவு, 30 ரூபாய்க்கே நல்ல செடி கிடைக்கிறது. அரளியும் அடினியமும்கூட நன்றாக வரும், ஆனால் இரண்டின் பாலும் விஷம், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் யோசித்து வாங்குங்கள்.

மல்லி கேட்டால் வைத்திருக்கிறார்கள், ஆனால் இப்போது வாங்கி இந்தக் கோடையிலேயே முழம் முழமாகப் பறிக்கலாம் என்று எதிர்பார்க்கக் கூடாது. கார்த்திகையில் கவாத்து செய்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட செடிதான் பங்குனியில் நிறையப் பூக்கும்.

இன்னொரு நல்ல விஷயம், வெயில் பூக்களை நிழல்வலைக்கு வெளியே வெட்டவெளியில் வைத்திருக்கிறார்கள். வலைக்குள்ளேயே வளர்ந்த செடியை நேரே மொட்டை மாடியில் வைத்தால் இலை கருகும், இங்கே வாங்கினால் அந்தத் தொல்லை குறைவு.

குறையும் இருக்கிறது. உரிமையாளர் இல்லாத நேரத்தில் போனால் கதையே வேறு. பங்குனி மாதம் பெட்டூனியாவையும் டயான்தஸையும் காட்டி, “எல்லாம் வெயில் தாங்கும் மேடம்” என்று அங்கே வேலை செய்யும் தம்பி ஒருவர் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் விற்றுக்கொண்டிருந்தார். அவை நம் ஊரில் மார்கழி, தை மாதத்துக்கான பூக்கள், மே மாதத்தில் நிற்காது. தெரிந்தே விற்றாரோ தெரியாமல் விற்றாரோ, ஆசையாக வாங்கிப் போகிறவர்களுக்கு அது நியாயமில்லை. எந்தச் செடியிலும் பெயர்ச்சீட்டும் கிடையாது. செடிகள் பெரும்பாலும் ஆந்திராவில் கடியத்திலிருந்து லாரியில் வருகின்றன, வேரைச் சுற்றிக் களிமண்ணைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் தொட்டி மாற்றாமல், சில நாள் அரை நிழலில் வைத்துவிட்டு, ஓரத்துக் களிமண்ணை மெதுவாக உதிர்த்து, செம்மண், மணல், மட்கிய எரு கலந்து நடுங்கள். காசு கொடுத்தாலும் இவர்கள் தொட்டி மாற்றித் தருவதில்லை, அதைச் செய்தால் வயதானவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

போகிறவர்கள் காலை பத்தரை, பதினொன்று வாக்கில் போங்கள். டேபிள் ரோஸ் அப்போதுதான் விரிந்திருக்கும், மஞ்சளா ஆரஞ்சா என்று பார்த்து எடுக்கலாம். மதியத்துக்கு மேல் மூடிவிடும். ஒவ்வொரு கலரிலும் ஒரு தொட்டி போதும், கிள்ளி நட்டால் வேர் பிடித்துவிடும்.