நான்கு வருட வீட்டுப் பராமரிப்புச் சேவை: நோட்டுப் புத்தகமும் அப்பாவின் குதிகாலும்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு வருடம் ஆகிறது. வலது கையும் காலும் செயலிழந்தன, பேச்சும் போனது. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும். பதில்தான் வராது. இந்த நான்கு வருடத்தில் இரண்டு ஏஜென்சிகளைப் பயன்படுத்தியிருக்கிறோம். முதல் ஏஜென்சியோடு பதினான்கு மாதம், இப்போதைய ஏஜென்சியோடு இரண்டே முக்கால் வருடம். மொத்தம் பதினொரு பேர் வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டார்கள். ஏஜென்சிகளின் பெயரை எழுதப்போவதில்லை. ஒரு வீட்டுக்கு நன்றாக அமைந்தது அடுத்த வீட்டுக்கும் அப்படியே அமையும் என்று சொல்ல முடியாத தொழில் இது. எதைப் பார்த்து எடை போடுவது என்று நாங்கள் கற்றுக்கொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் நாங்கள் பார்த்தது பயிற்சிச் சான்றிதழ், போலீஸ் சரிபார்ப்பு, சீருடை, தினப்பதிவு நோட்டு. முதல் ஏஜென்சியிடம் எல்லாமே இருந்தன. நோட்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வரி: "இடப்பக்கம் திருப்பினேன்", "வலப்பக்கம் திருப்பினேன்". தினமும் மாலையில் அதைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகம் வெட்டலாம் என்று அப்பாவின் காலுறையைக் கழற்றினேன். வலது குதிகாலின் வெளிப்பக்கத்தில் நாணயம் அளவுக்கு ஒரு கருப்பு. தொட்டால் சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருந்தது, கொஞ்சம் கொழகொழவென்று அமுங்கியது. இரண்டு நாளில் தோல் உரிந்துவிட்டது. அது ஆற ஒன்பது வாரம் ஆனது. அந்த ஒன்பது வாரமும் கட்டு மாற்றும்போதெல்லாம் அப்பா கண்ணை இறுக மூடிக்கொள்வார். அந்த முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

கட்டுப் போட வந்த நர்ஸ்தான் எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். நல்ல தோலை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுத்து, பிறகு பழைய நிறம் திரும்பும். அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறாமல் இருந்தால் அது படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். கருத்த தோலில் இந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் சூடு, கடினம், கொழகொழப்பு, வலி ஆகியவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். குதிகாலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது, கெண்டைக்கால் முழுவதும் தாங்கும்படி வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விட வேண்டும். படுக்கைப் புண் வரும் ஆபத்தை அளக்கப் பிரேடன் அளவுகோல் என்று ஒன்று இருப்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, ஊட்டம், உராய்வு என்று ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 23. குறையக் குறைய ஆபத்து கூடும், 18 அல்லது அதற்குக் கீழே வந்தாலே கவனம் தேவை. அப்பாவுக்கு 13. பராமரிப்பு தொடங்கிய முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கு அது. எங்களுக்கு யாரும் போட்டுத் தரவில்லை.

அன்றிரவு அந்த நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நான்கு மணி. நான்கு வரியும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். ஒரே மூச்சில் எழுதியது. முதலில் வந்தது கோபம்தான். சில நாள் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. நாங்கள் ஒப்பந்தம் போட்டிருந்தது 24 மணி நேரத்துக்கு ஒரே ஆள். பகல் முழுக்க வேலை செய்தவர் இரவில் இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து ஒருவரைத் திருப்பிப் போட வேண்டும், அதுவும் மாதக்கணக்கில். எந்த மனிதராலும் முடியாது. கட்டத்தை நிரப்பாவிட்டால் ஏஜென்சி கேள்வி கேட்கும், அவர் நிரப்பினார். அப்பாவின் குதிகால் புண்ணுக்கு நாங்கள் கையெழுத்துப் போட்ட அந்த ஏற்பாடும் ஒரு காரணம். இதை எழுதும்போதும் மனது கஷ்டப்படுகிறது, ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பகிர்வுக்கே அர்த்தமில்லை.

அதனால் இரண்டாவது ஏஜென்சியைத் தேடும்போது நாங்கள் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் ஆள் எப்போது தூங்குவார்?" என்பதுதான். நேரடியாகப் பதில் சொன்னது இப்போதைய ஏஜென்சி மட்டும்தான்: இரவுக்குத் தனி ஆள், இல்லாவிட்டால் எடுக்க மாட்டோம் என்றார்கள். லீவு போட்டால் யார் வருவார், மேற்பார்வையாளர் சொல்லாமல் வந்து பார்ப்பாரா, புகார் சொன்னால் யார் எத்தனை மணி நேரத்துக்குள் பேசுவார் என்பதையும் கேட்டு எழுதி வாங்கினோம்.

அவேடிஸ் டொனபெடியன் என்ற மருத்துவர் 1966-இல் எழுதிய கட்டுரையில், சிகிச்சையின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்ற மூன்று கோணத்தில் பார்க்கலாம் என்றார். சான்றிதழும் சீருடையும் அமைப்பு. திருப்பிப் போடுவது செயல்முறை. குதிகால் விளைவு. நாங்கள் அமைப்பைப் பார்த்தோம், செயல்முறையைக் காகிதத்தில் படித்தோம், விளைவை மாதக்கணக்கில் காலுறைக்குள் மூடி வைத்திருந்தோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போது நானும் கூட இருப்பேன். குதிகால், வால் எலும்பு, இடுப்பு எலும்பு, காதுமடலின் பின்பக்கம் என்று தொட்டுப் பார்த்துவிடுவேன். எடை இன்னொரு முக்கியமான தடயம். ஒரு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், 60 கிலோ ஆளுக்கு அது 3 கிலோ. எழுந்து நிற்க முடியாதவரை எப்படி எடை போடுவது? தையல் டேப்பால் மேல்கையின் நடுப்பகுதியை மாதம் ஒருமுறை அளந்து எழுதுகிறோம். 23.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் உடல் மெலிந்துவிட்டது என்று பொருள் கொள்ளலாம். அப்பாவுக்கு ஒரு தடவை 26-இலிருந்து 24-க்கு வந்தது. விசாரித்ததில், மாற்று ஆள் வந்த மூன்று வாரமும் உணவு பாதியிலேயே நின்றிருந்தது. நோட்டில் "சாப்பிட்டார்" என்றுதான் இருந்தது.

இப்போதைய பராமரிப்பாளர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுபவர், இரண்டரை வருடமாக வருகிறார். அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் நல்ல பராமரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கு வலப்பக்கப் பார்வையும் குறைவு, அதனால் எப்போதும் இடப்பக்கமாகத்தான் வருவார். தொடுவதற்கு முன் "ஐயா, சட்டை மாத்தலாமா?" என்று கேட்டுவிட்டு நிற்பார். அப்பா தலையசைத்த பிறகுதான் கை வைப்பார். போடும்போது செயலிழந்த வலது கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். இடது கையை நுழைப்பதை அப்பாவிடமே விட்டுவிடுவார். நான்கு நிமிட வேலைக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், அவசரப்படுத்த மாட்டார். ஊட்டும்போது எதிரே உட்கார்ந்து, தொண்டை ஏறி இறங்கும் வரை அடுத்த ஸ்பூனை எடுக்க மாட்டார். குரல் சளி கட்டியது போல் கரகரத்தால் உணவு மூச்சுக்குழல் பக்கம் போயிருக்கலாம் என்று அங்கேயே நிறுத்திவிடுவார். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் நிமிர்ந்த நிலையிலேயே வைத்திருப்பார்.

அன்றாட வேலைகளில் எவ்வளவு தானே செய்கிறார் என்று அளக்க, பார்தெல் இன்டெக்ஸ் (Barthel Index) என்று 1965-இலிருந்து இருக்கும் ஒரு கணக்கில் பிசியோதெரபிஸ்ட் அப்பாவுக்கு மதிப்பெண் போடுவார். நூற்றுக்கு. செய்ய முடிந்தது என்ன என்பதைவிட, தினமும் உண்மையில் என்ன செய்கிறார் என்பதைத்தான் அது எண்ணும். முதல் ஏஜென்சி காலம் முழுக்க அப்பா 20-இலேயே இருந்தார், ஏனென்றால் எல்லாவற்றையும் அவர்களே சுறுசுறுப்பாகச் செய்து முடித்துவிட்டார்கள். அந்தச் சுறுசுறுப்பைப் பார்த்து நாங்கள் பாராட்டினோம். இப்போது 45.

குறை இல்லாமல் இல்லை. மாற்று ஆட்களின் தரம் ஏற்றமும் இறக்கமுமாகவே இருக்கிறது. கேமரா வைக்கலாமா என்று யோசித்து வேண்டாம் என்று விட்டோம். உடை மாற்றும் அறையில் கேமரா வைப்பது அப்பாவுக்கு அவமானம், ஹாலில் வைத்தால் ஒன்றும் தெரியாது.

நான் மிகவும் தாமதமாகச் செய்தது, அப்பாவிடமே கேட்டது. இடது கட்டைவிரல் மேலே என்றால் சரி, கீழே என்றால் வேண்டாம். பராமரிப்பாளர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கேட்டேன். நேரம் தவறாமல் வரும், எங்களுக்கு மிகவும் பிடித்திருந்த ஓர் இரவு ஆளின் பெயரைச் சொன்னபோது விரல் கீழே போனது. திருப்பும்போது வலிக்குதா என்றேன். மேலே. மேல்கையின் உள்பக்கம் பார்த்தேன், கன்றிப்போய் மங்கிய மஞ்சள் தடம் இருந்தது. அவர் அறைக்குள் வந்தாலே அப்பா அசையாமல் கிடப்பதை நாங்கள் தூக்கம் என்று நினைத்துவிட்டோம். மறுநாளே ஏஜென்சியிடம் எழுத்தில் புகார் கொடுத்தோம், அவரை மாற்றினார்கள்.

போன வாரம் அண்ணன் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. நாங்கள் கேட்டுக்கொண்டபடி மாற்று ஆள் இரண்டு நாள் முன்னாலேயே வந்து, கூட நின்று பழகிக்கொண்டார். இரண்டாம் நாள் மாலை கதவைச் சாத்திவிட்டு, "இவர் இருக்கலாமா அப்பா?" என்று கேட்டேன். அப்பா வெகுநேரம் யோசித்தார். விரல் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை, பக்கவாட்டில் நின்றது. பார்க்கலாம் என்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்க வேண்டும்.