ஜிஎன் மாடலுடன் எட்டு வருடம்

போன மாதம் ஒரு ஆப்டிகல் ஃபைபர் லிங்கில், ஒளியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்கள் எல்லாவற்றையும் மாற்றினார்கள். புதியவற்றின் இரைச்சல் எண், அதாவது அவை சேர்க்கும் இரைச்சலின் அளவு, பழையதைவிட 1 டெசிபெல் அதிகம். ஒவ்வொரு சேனலும், அதாவது ஒவ்வொரு அலைநீளமும், சுமக்கும் பவரைப் பற்றி நண்பர் போனில் கேட்டார்: "சேனல் பவரையும் 1 டெசிபெல் ஏத்திடலாமா?"

வேண்டாம் என்று உடனே சொன்னேன். ஜிஎன் (காஸியன் நாய்ஸ்) மாடல், ஃபைபருக்குள் வரும் திரிபையும் இரைச்சலாகவே எடுத்துக் கணக்கிடும் முறை. அதன்படி, ஒளியின் பவருக்கேற்ப ஃபைபரின் ஒளிவிலகல் எண் மாறும் கெர் விளைவால் வரும் குறுக்கீடு பவரின் மூன்றாம் அடுக்கில் ஏறும். சிறந்த பவரில் அது ஆம்ப்ளிஃபையர் இரைச்சலில் சரிபாதி. ஏற்கெனவே அந்தப் புள்ளியில் ஓடும் லிங்க் என்றால், மூன்றில் ஒரு டெசிபெல் ஏற்றுவதுதான் சரி. சிக்னல்-இரைச்சல் விகிதம் 0.67 டெசிபெல் குறையும். முழு 1 டெசிபெல் ஏற்றினால் 0.77 குறையும். ஒன்றையும் தொடாமல் விட்டாலும் 0.69தான். உச்சி அவ்வளவு தட்டை. பேனாவும் காகிதமும் போதும், இரண்டு நிமிடக் கணக்கு. இதையே, ஃபைபரைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றாகக் கணக்கிடும் ஸ்ப்ளிட்-ஸ்டெப் சிமுலேஷனில், எல்லா சேனல்களோடும் ஓட்டிப் பார்த்தால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டோரினோவில் போஜோலினி குழு 2011 வாக்கில் இதை வெளியிட்டதிலிருந்து உலகமெங்கும் லிங்க் வடிவமைப்பு எளிதானது இதனால்தான்.

குறைகளும் உண்டு. டிஸ்பர்ஷன் (பல்ஸ்கள் போகப் போக விரிவது) குறைந்த பழைய ஃபைபரில் இதை நம்ப முடியாது. முதல் சில ஸ்பான்களில் (இரண்டு ஆம்ப்ளிஃபையர்களுக்கு இடைப்பட்ட துண்டுகள்), அதுவும் நான்கே நிலைகளில் தகவலை அனுப்பும் க்யூபிஎஸ்கே முறையில், குறுக்கீட்டை அதிகமாகவே காட்டும். பல்ஸ்கள் இன்னும் ஒன்றோடொன்று கலக்காத நிலையிலும் சிக்னல் காஸியன் இரைச்சல் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வதுதான் காரணம். சிக்னலின் வடிவத்தையும் கணக்கில் எடுக்கும் இஜிஎன் திருத்தம் வந்த பிறகு இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

எனக்குப் பொறுக்காதது ஒன்றே ஒன்று. இதில் வரும் சிக்னல்-இரைச்சல் விகிதத்தை, ஒரு சேனலில் அதிகபட்சம் எவ்வளவு தகவல் போகும் என்று சொல்லும் ஷானன் சூத்திரத்தில் போட்டு, கிடைத்த உச்சியை 'ஃபைபரின் கொள்ளளவு' என்கிறார்கள். போன வருடம்கூட ஒரு கூட்டத்தில் அப்படி ஒரு ஸ்லைடைப் பார்த்தேன். வளைவு ஏறி, உச்சி தொட்டு, சரிந்தது. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'இயற்கையின் எல்லை'. எழுந்து நின்று வாதாடினேன்.

அந்தச் சரிவு ஃபைபருடையது அல்ல. கெர் விளைவு சூதாட்டம் இல்லை. எந்த சிக்னல் போனால் என்ன திரிபு வரும் என்பதை ஃபைபரில் ஒளி செல்வதை விவரிக்கும் நேரியலற்ற ஷ்ரோடிங்கர் சமன்பாடே சொல்லிவிடுகிறது. பக்கத்து சேனலில் என்ன போகிறது என்று ரிசீவருக்குத் தெரியாததால் அதை இரைச்சல் கணக்கில் சேர்க்கிறோம். நமக்குத் தெரியாததைத்தான் இரைச்சல் என்கிறோம். ஆக, அந்த உச்சி ஒரு கீழ்வரம்பு மட்டுமே. கிராமர், யூசெஃபி, ஷிஷாங் 2015இல் நிறுவிய மேல்வரம்போ, நேரியல் சேனலுக்குரிய அதே மடக்கைக் கோடு. பவர் ஏற ஏற ஏறிக்கொண்டே போகிறது. இரண்டுக்கும் நடுவில் உண்மை எங்கே இருக்கிறது என்பது இன்னும் திறந்த கேள்வி. ஒரு துறையின் மிக அழகான கேள்வியை ஒரு ஸ்லைடில் மூடிவிடுகிறார்களே என்றுதான் ஆத்திரம்.

எட்டு வருடத்தில் லிங்க் திட்டமிடலில் ஒரு முறைகூட என்னைக் கைவிடாத மாடல் இது. ஆனாலும் புதிதாக வரும் மாணவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முதல் ஆறு மாதம் ஸ்ப்ளிட்-ஸ்டெப் மட்டும் ஓட்டட்டும். ஒற்றை சேனலை அனுப்பி, திரிந்து வந்ததைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, கான்ஸ்டலேஷன் புள்ளிகள் (சிக்னலின் நிலைகளைக் காட்டும் படத்தில் உள்ளவை) மறுபடி கூர்மையாவதைத் தன் திரையிலேயே பார்க்கட்டும். அப்புறம் ஜிஎன்னுக்கு வரலாம்.