ஓரிரவு கடலோரம்: புதுச்சேரியா, தரங்கம்பாடியா?

கும்பகோணத்துக்காரர்களுக்குக் கடல் என்றதும் வாயில் வருவது வேளாங்கண்ணி, விட்டால் புதுச்சேரி. இரண்டும் போய்ப் போய் அலுத்துவிட்டதால் நாங்கள் தரங்கம்பாடிக்கு மாறினோம். யார் கேட்டாலும் இப்போது அங்கேதான் கை காட்டுகிறேன், ஒரு நிபந்தனையோடு.

புதுச்சேரியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? மாலையானால் வண்டி விடாத கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர்த் தெருக்கள், தெருவுக்குத் தெரு சாப்பாட்டுக் கடை. கல்லூரி வயதுப் பிள்ளைகள் கூட வந்தால் யோசிக்காமல் அங்கேயே போங்கள். தரங்கம்பாடியில் இருட்டிய பிறகு அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் சனிக்கிழமை ஆனால் பாதிச் சென்னை புதுச்சேரியில்தான் இறங்குகிறது, அறை வாடகையும் அதற்கேற்ப ஏறிவிடுகிறது.

தரங்கம்பாடி நமக்குக் கிட்டத்தட்ட பாதி தூரம். மயிலாடுதுறையிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில் 1986-இல் நின்றுபோனது. இப்போது மயிலாடுதுறையில் இறங்கிக் காரைக்கால் பஸ் பிடிக்க வேண்டியதுதான். மெயின் ரோட்டில் இறங்கி, 1792-இல் கட்டிய நகர வாசலைத் தாண்டினால் நேராக ஒரே தெரு. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் அதில்தான் இருக்கிறது, அவர் கல்லறையும் உள்ளேயே. தெரு முடிகிற இடத்தில் டேனிஷ்காரர்கள் 1620-இல் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை. பக்கத்திலேயே பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. கொட்டிய பாறைகளில் அலை மோதித் தெறிக்கிறது. அத்தனையும் நடந்தே பார்த்துவிடலாம், ஆட்டோ செலவு கிடையாது.

சரி, ராத்திரி எங்கே படுப்பது? கணக்கு மொத்தமும் இதில்தான் இருக்கிறது. கடலைப் பார்த்தபடி இருக்கும் பழைய பங்களா விடுதி நம் பட்ஜெட்டுக்கு ஒத்துவராது. நாங்கள் தங்குவது எட்டு கிலோமீட்டர் போல இருக்கும் திருக்கடையூரில். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று வருஷம் முழுக்கக் கூட்டம் வருகிற ஊர் என்பதால் லாட்ஜுக்குக் குறைவில்லை. நாலு பேர் படுக்கும் குடும்ப அறைகளும் உண்டு.

ஆனால் அங்கே வாடகையைத் தீர்மானிப்பது மறுநாள் நடக்கும் கல்யாணங்கள். சொந்தபந்தம் முந்தின மாலையே வேனில் வந்து இறங்கிவிடும். விடியற்காலையில் ஹோமம், அப்புறம் மாலை மாற்றல், பந்தி. மதியத்துக்குள் அறைகள் காலி. ஞாயிறு விசேஷம் அதிகம் என்பதால் சனி இரவு நமக்கு ஆகாது. ஞாயிறு மதியம் போய்த் திங்கள் திரும்பினால் அதே அறையைப் பேரம் பேசி வாங்கலாம்; எங்களுக்கு ஆயிரத்துச் சொச்சத்தில் ஏசி அறை கிடைத்தது. போன் போடும்போதே “நாளைக்கு எத்தனை கல்யாணம் சார்?” என்று கேட்டுவிடுங்கள். ஏழெட்டு என்று சொன்னால் வேறு தேதி பாருங்கள். மீறிப் போனால் விடிகாலை நாலு மணிக்கு நாதஸ்வரம் எழுப்பிவிடும், அதற்குத் தனிக் காசு இல்லை!

ஆக, நிபந்தனை இதுதான்: திங்கட்கிழமை லீவு கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் காரைக்காலில் அறை பார்க்கலாம். ஆனால் அங்கே நாங்கள் தங்கியதில்லை, அதனால் விலைக்கு நான் பொறுப்பில்லை.

சாப்பாட்டில் புதுச்சேரியோடு போட்டியே கிடையாது. டிபனுக்குப் பொறையாறு போக வேண்டும், அல்லது திருக்கடையூரிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் போனதெல்லாம் மாசி, பங்குனியில். ஐப்பசி மழையில் அந்தக் கரை எப்படியோ, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். வெள்ளிக்கிழமை போக நினைப்பவர்களுக்கு ஒன்று: கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.